குழந்தைக்காக முதன்முதலில் மருத்துவரிடம் போகிறவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எதைக் கேட்பது

திருமணமாகி ஒரு வருடம் ஆவதற்குள் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற விசாரிப்பு தொடங்கிவிடுகிறது. அந்தக் கேள்வியின் அழுத்தம் தாங்காமல் பல தம்பதியர், சாலையோர விளம்பரப் பலகையைப் பார்த்து நேராக ஒரு செயற்கைக் கருத்தரிப்பு மையத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். மகளிர் நலப் பிரிவில் செவிலியராக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முதலில் போகவேண்டிய இடம் அது அல்ல. மாதவிடாய், தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை, தடுப்பூசி, கருப்பைவாய்ப் பரிசோதனை, பிறகு கர்ப்பம், பிரசவம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மகளிர் நல மருத்துவரிடம்தான் இது தொடங்க வேண்டும். குழந்தைப்பேறு தள்ளிப்போவதற்குப் பின்னால் பெரும்பாலும் உடம்பில் வேறு ஏதோ ஒரு குறை இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதிலேயே பலருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

எப்போது போவது

கருத்தடை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழும் 100 தம்பதியரில் ஏறக்குறைய 85 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும். அதனால் 35 வயதுக்குட்பட்ட பெண்கள் ஒரு வருடம் பார்த்துவிட்டுப் போனால் போதும். 35 கடந்தவர்கள் 6 மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். 40-ஐத் தொட்டவர்கள் முயற்சி தொடங்கும்போதே ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

சிலர் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருகிறவர்கள், ஒவ்வொரு மாதமும் வலியால் படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள், காசநோய் வந்து குணமானவர்கள், குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரண்டு முறை கரு கலைந்தவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். கணவருக்குச் சிறுவயதில் விதை இறங்காமல் இருந்திருந்தாலோ, வளர்ந்த பிறகு புட்டாலம்மை வந்து விதை வீங்கியிருந்தாலோ, புற்றுநோய் சிகிச்சை நடந்திருந்தாலோ அப்போதும் உடனே போக வேண்டும்.

போவதற்கு முன் வீட்டில் செய்யவேண்டியது

ஒரு நோட்டை எடுத்துக் கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகளையும் எழுதுங்கள். ரத்தப்போக்கு தொடங்கிய நாள்தான் முதல் நாள். சிலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்; அப்படி எண்ணினால் மூன்று நான்கு நாள் தவறிவிடும், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தவறும். இரண்டாம் நாள் ரத்தப் பரிசோதனை, எட்டாம் நாள் எக்ஸ்ரே என்று மருத்துவர் சொல்வதெல்லாம் இந்த முதல் நாளை வைத்துத்தான்.

கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 14-ஆம் நாள். 34 நாள் சுழற்சி உள்ளவருக்கு 20-ஆம் நாள். எல்லோருக்கும் 14-ஆம் நாள்தான் என்று நம்பி மாதக்கணக்கில் நாளைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளும் சேர்த்து ஆறு நாட்கள்தான் வாய்ப்புள்ள காலம். கணக்குப் போடுவதே மன உளைச்சலாக இருந்தால், மாதம் முழுக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும். முடிந்ததும் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துப் படுக்கவேண்டிய அவசியமில்லை.

பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சைக் குறிப்பு என எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து, லேகியம், முடி வளர்வதற்கான மாத்திரை என எதையும் விட்டுவிடாதீர்கள். முடிக்கான மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். அது சில ஆய்வகங்களில் தைராய்டு அளவையே தவறாகக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

முதல் நாள் அறைக்குள்

கணவனும் மனைவியும் சேர்ந்து போக வேண்டும். இதில் சமரசமே கூடாது என்பேன். மாமியாரோ அம்மாவோ துணைக்கு வந்தால் வெளியே உட்காரட்டும். மருத்துவரோடு பேசும் நேரம் இருவருக்கு மட்டுமே உரியது. முந்தைய கருக்கலைப்பு, பால்வினை நோய், உறவில் உள்ள சிரமம் போன்றவை பெரியவர்கள் முன்னால் வாய்க்கு வராது. மருத்துவரிடம் சிறிது நேரம் தனியாகப் பேச விரும்பினாலும் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். திருமணமாகி மூன்று நான்கு வருடம் ஆகியும் உடலுறவே முழுமையாக நடக்காத தம்பதியர் நம் ஊரில் குறைவில்லை. பெண்ணுக்கு வலியும் பயமும் சேர்ந்து தசை இறுகிக்கொள்ளும். ஆணுக்குப் பதற்றத்தில் விறைப்பு நிற்காது. வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல், ஊசியும் ஸ்கேனுமாகக் காலத்தையும் பணத்தையும் இழக்கிறார்கள். இரண்டுக்கும் தெளிவான சிகிச்சை இருக்கிறது. "எங்களுக்குச் சேர்வதிலேயே சிரமம் இருக்கிறது" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மருத்துவர் மேற்கொண்டு கேட்டுக்கொள்வார்.

கணவரின் பரிசோதனையை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. தனியாகவோ, பெண்ணின் குறையோடு சேர்ந்தோ. ஆனால் நடப்பது என்ன? மனைவியின் கோப்பு தடித்துப் புத்தகமாகியிருக்கும். வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வரை முடிந்திருக்கும். கணவரின் விந்துப் பரிசோதனைச் சீட்டு ஒன்றுகூட அதில் இருக்காது. கேட்டால் "அவருக்கு ஒன்றும் பிரச்சினை இருக்காது சிஸ்டர்" என்று அந்தப் பெண்ணே பதில் சொல்வாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் கோபமும் ஒன்றாக வரும். கத்தி இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரு பெண்ணை மயக்க மருந்து கொடுத்து மேசையில் படுக்கவைப்பது நியாயமே அல்ல.

செய்யும் முறை எளிது. பரிசோதனைக்கு முன் குறைந்தது 2 நாள், அதிகம் போனால் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். மருத்துவமனை தரும் டப்பாவில் முழுவதையும் சேகரிக்க வேண்டும். முதல் துளிகள் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அணுக்கள் அதிகம் இருப்பது அந்தப் பகுதியில்தான். சாதாரண ஆணுறையில் சேகரிக்கக் கூடாது. வீட்டில் எடுப்பதாக இருந்தால், டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அறிக்கையில் பார்க்கவேண்டிய எண்களை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்தி வெளியிட்டது. அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அவற்றில் 42 சதவீதம் அசைய வேண்டும், சரியான வடிவம் 4 சதவீதம். இவை கீழ் எல்லைகள். வடிவம் 4 சதவீதம் என்று பார்த்ததும் "96 சதவீதம் கெட்டுவிட்டதா?" என்று அதிர்ந்துபோகிறவர்கள் உண்டு, அது இயல்பான அளவுதான். ஒரு அறிக்கை குறைவாக வந்தால் உடனே முடிவுக்கு வரக் கூடாது. விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். மூன்று மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய அறிக்கையில் தெரியும். மூன்று மாதம் இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பார்கள். அணுவே இல்லை என்று வந்தால் மட்டும் அவ்வளவு காத்திருக்க விடமாட்டார்கள்.

புகையிலை, மது, அடுப்படியிலும் உலைக்களத்திலும் நாள் முழுக்கச் சூட்டில் நிற்கும் வேலை, உடல் எடை ஆகியவை அணுக்களைக் குறைக்கும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளரப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரான் ஊசி. ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போடும் அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். போட்டிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மனைவிக்கான பரிசோதனைகள்

மாதவிடாயின் 2 அல்லது 3-ஆம் நாள் முட்டை வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். பார்ப்பார்கள். தைராய்டு, பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின், சர்க்கரை, ரத்த அளவு, ரத்த வகை இவற்றுக்கு நாள் கணக்கு வேண்டாம். கூடவே ரூபெல்லா (வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்புச் சக்தி, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும். கர்ப்பமான பிறகு அந்த ஊசியைப் போட முடியாது.

ஏ.எம்.எச். என்ற சோதனையால் கலங்கி நிற்கும் பெண்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சினைப்பையில் மீதமிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைச் சுமாராகக் காட்டும், தரத்தைக் காட்டாது. மாதம் தவறாமல் முட்டை வெளிவரும் பெண்ணுக்கு ஏ.எம்.எச். குறைவு என்பதாலேயே இயல்பாகக் கரு தங்காது என்று அர்த்தமல்ல. முட்டை வளர ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்கவும், காலம் கடத்தலாமா என்று முடிவெடுக்கவும் அது உதவும். அந்த ஓர் எண்ணை மட்டும் காட்டி "இந்த மாதமே ஐ.வி.எஃப். (ஆய்வகத்தில் கரு உண்டாக்கிக் கருப்பைக்குள் வைப்பது) செய்யாவிட்டால் அவ்வளவுதான்" என்று யாராவது அவசரப்படுத்தினால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

ஸ்கேன் பெண்ணுறுப்பின் வழியாக எடுக்கப்படும். சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கிறதென்று வந்தால் பயப்பட வேண்டாம். கருப்பையின் உட்குழியை அமுக்கும் கட்டிதான் கரு தங்குவதைத் தடுக்கும், வெளிப்புறம் இருக்கும் சிறு கட்டிகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம்.

கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரேவைத்தான் எல்லோரும் "டியூப் டெஸ்ட்" என்கிறார்கள். ரத்தப்போக்கு நின்ற பிறகு, ஏறக்குறைய 7 முதல் 10-ஆம் நாளுக்குள் செய்வார்கள். சாயம் உள்ளே போகும்போது மாதவிடாய் வலிபோல் சுருட்டிப் பிடிக்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். முக்கால் மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரு நாப்கினும், வீடு திரும்பத் துணைக்கு ஒருவரும் வேண்டும். இரண்டு குழாயும் அடைப்பு என்று வந்தாலும் மனம் உடைய வேண்டாம். குழாய் தசை இறுகினாலும் அப்படித் தெரியும். மறுபடி பார்த்தால் திறந்திருப்பதுண்டு.

உண்மையிலேயே அடைத்திருந்தால், நம் நாட்டில் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டிய காரணம் காசநோய். நுரையீரலில் எந்த அறிகுறியும் இல்லாமல் கருக்குழாயிலும் கருப்பையின் உட்சவ்விலும் அது தங்கும். திசு எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்தால், மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் சந்தேகத்தின் பேரில் மட்டும் ஆறு மாத மருந்தைத் தொடங்குகிறார்கள் என்றால், எந்தச் சோதனையை வைத்து முடிவெடுத்தார்கள் என்று கேளுங்கள்.

சிகிச்சைக்கு முன்பே தொடங்கக்கூடியவை

ஃபோலிக் அமில மாத்திரை தினமும் 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனிக்கும் காலத்திலேயே நடந்துவிடுகிறது; பிறகு தொடங்கினால் தாமதம். சர்க்கரை நோயாளிகளுக்கும் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அளவு கூடும், மருத்துவர் சொல்வார். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் டி.எஸ்.எச். அளவு 2.5-க்குக் கீழே வந்த பிறகு முயற்சிப்பது நல்லது. சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 6.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ரத்தசோகையையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

பி.சி.ஓ.எஸ். (ஹார்மோன் சமநிலை கெட்டு, முட்டை ஒழுங்காக வெளிவராமல் மாதவிடாய் தள்ளிப்போகும் குறைபாடு) உள்ள, எடை கூடிய பெண்களுக்கு இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் தானாகச் சீராகிறது. 80 கிலோ இருப்பவர் 74-க்கு வந்தால் போதும். 55-க்கு வர வேண்டியதில்லை. சோற்றைப் பாதியாக்கி, காய்கறியும் பருப்பும் முட்டையும் கூட்டி, தினமும் வேர்க்க விறுவிறுக்க நடந்தால் எட்டக்கூடிய இலக்கு அது.

எளிய சிகிச்சையிலிருந்து ஏறிப் போவது

முட்டை வெளிவராததே குறை என்றால் முதல் மருந்து லெட்ரோசோல் மாத்திரை. மாதவிடாயின் தொடக்கத்தில் ஐந்து நாள் சாப்பிட வேண்டும். மருந்துக் கடையில் வாங்கியதும் கைபேசியில் தேடிப் பார்த்து, "இது மார்பகப் புற்றுநோய் மருந்தாமே!" என்று நடுங்கிப்போய் மாத்திரையை விழுங்காமலே வருகிறவர்கள் உண்டு. அந்த நோய்க்கும் இதைத் தருவார்கள் என்பது உண்மைதான். இந்தியாவில் 2011-இல் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்தத் தடை வந்தது. 2017-இல் அந்தத் தடை நீக்கப்பட்டது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு முட்டை வளர இதையே முதலில் கொடுக்கச் சொல்கின்றன இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள்.

மாத்திரை போட்ட மாதத்தில் இரண்டு மூன்று முறை ஸ்கேன் எடுத்து முட்டைப்பை வளர்வதைப் பார்ப்பார்கள். ஃபாலிகுலர் ஸ்டடி என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். 18 முதல் 20 மில்லிமீட்டர் வரும்போது வெடிக்கும் பருவம். வேலைக்குப் போகும் பெண்கள் காலை நேரத்திலேயே ஸ்கேன் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால், அடிக்கடி விடுப்பு கேட்டு அலுவலகத்தில் விளக்கம் சொல்லவேண்டிய சங்கடம் குறையும்.

அடுத்தது ஐ.யூ.ஐ. கணவரின் விந்தைக் கழுவி, நல்ல அணுக்களைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவது. மயக்க மருந்து வேண்டாம், சில நிமிட வேலை. குறைந்தது ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். ஒரு முறைக்குப் பத்துப் பேரில் ஒருவருக்கு, மிஞ்சிப்போனால் இருவருக்குக் கரு தங்கும். முதல் முறை தங்காவிட்டால் தோல்வி என்று நினைக்க வேண்டாம். அதே சமயம் மூன்று நான்கு முறைக்கு மேல் இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பதிலும் பயனில்லை.

ஐ.வி.எஃப். வரை போகவேண்டி வந்தால்

இரண்டு குழாயும் அடைப்பு, விந்தணு மிகக் குறைவு, தீவிர எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), வயது கடந்துபோவது ஆகியவை நியாயமான காரணங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. கடைசி ஊசி போட்டு 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். ஆய்வகத்தில் கரு உண்டாக்கி மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில் உள்ளே வைப்பார்கள், அல்லது உறையவைத்துப் பிறகு வைப்பார்கள். கரு வைத்த பிறகு நாள்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டியதில்லை. எழுந்து நடப்பதால் கரு விழாது. முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பி, வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் மட்டும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது.

2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50 வயது, ஆணுக்கு 21 முதல் 55 வயது எல்லை. முட்டை தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது. பிறருடைய முட்டையோ விந்தோ பயன்படுத்துவதும் அதில் அடங்கும். ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று தேர்ந்தெடுத்துத் தருவதாக யாராவது சொன்னால் அது குற்றம். அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டியவை: சொல்லும் தொகையில் ஊசி மருந்துகள் சேர்ந்திருக்கிறதா? ஸ்கேன், மயக்க மருந்து, கருவை உறையவைப்பது, ஆண்டுக் கட்டணம், மறுமுறை கரு வைப்பது எல்லாம் தனியா? முட்டை கிடைக்காமல் போனால் எவ்வளவு திரும்ப வரும்? "வெற்றி விகிதம் 70 சதவீதம்" என்றால் எந்த வயதினருக்கு என்றும், கரு தங்கியதைச் சொல்கிறார்களா, குழந்தை பிறந்ததைச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிது. நகையை அடகு வைத்துவிட்டு வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, எத்தனை முறை வரை போவோம் என்று இருவரும் முதலிலேயே பேசி முடிவெடுங்கள் என்பதே. அடிப்படைச் சோதனைகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகப்பேறு பிரிவை அணுகலாம். 1844-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையமும் இப்போது இயங்குகிறது.

வீடும் மனமும்

சிகிச்சைக் காலத்தில் வளைகாப்புக்கும் பெயர்சூட்டு விழாவுக்கும் போகத் தெம்பில்லை என்றால் போக வேண்டாம். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதைத் தம்பதியர் சேர்ந்து முடிவு செய்து, உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனையும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கரு தங்கிய பிறகும், தங்காவிட்டாலும்

பரிசோதனையில் இரட்டைக் கோடு வந்ததும் ஆறாவது ஏழாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குள் ஒரு பக்கமாகக் கடும் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்பதால் தொடக்கத்திலேயே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். அப்படிச் சர்க்கரை வந்தவர்கள் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சிகிச்சையை நிறுத்த முடிவெடுத்தவர்களும் மகளிர் நல மருத்துவரிடம் போவதை நிறுத்த வேண்டாம். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் இருந்தால், குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது ஒருபுறம் இருக்க, கருப்பையின் உட்சவ்வு தடித்துப் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறும் ஆபத்து இருக்கிறது. மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைக்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று கேட்டு, அந்தத் தேதிகளையும் அதே நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.